விட்டுவிட்டுப் போட்ட மஞ்சள் கோடு: கலிஃபோர்னியாவின் 46-ஆம் நெடுஞ்சாலையில் செல்வோருக்கு

"அண்ணா, கோடு விட்டுவிட்டுத்தானே போட்டிருந்தது? அதனால்தான் ஏறினேன்." கையில் மாவுக்கட்டோடு அமர்ந்திருந்த அந்தத் தம்பி என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் இது. சில ஆண்டுகளுக்கு முன், 46-ஆம் நெடுஞ்சாலையின் இரு தடப் பகுதி ஒன்றில் லாரியை முந்தப் போனவர், எதிரே வந்த வண்டியைக் கண்டதும் இடப்புறச் சரிவில் காரை இறக்கிவிட்டார். அவரும் பின்னிருக்கையில் இருந்த குழந்தையும் பிழைத்துக்கொண்டார்கள். அவர் சொன்னதில் பொய் இல்லை, முந்தலாம் என்று காட்டும் வகையில் கோடு விட்டுவிட்டுத்தான் போடப்பட்டிருந்தது. சாலைப் பாதுகாப்புப் பொறியாளராக 18 ஆண்டுகள் இத்தகைய கிராமப்புறச் சாலைகளை அளந்தும், விபத்து அறிக்கைகளைப் படித்தும் வரும் எனக்கு, அந்தக் கோடு எதை உறுதி செய்கிறது, எதை உறுதி செய்யவில்லை என்பதைக் கார் ஓட்டும் நம் மக்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்று அன்றே தோன்றியது.

முதலில் சாலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பசிபிக் கடலோரம் கேம்ப்ரியாவுக்கு அருகே 1-ஆம் நெடுஞ்சாலையில் பிரியும் 46, சாந்தா லூசியா மலைத்தொடரைக் கடந்து திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த பாசோ ரோபிள்ஸை அடைகிறது. அங்கே சிறிது தூரம் 101-ஆம் சாலையோடு சேர்ந்து சென்று, மறுபடி கிழக்கே பிரிந்து, ஷாண்டன், ஷொலாம் வழியாகச் சென்று, பொலோனியோ கணவாயில் மலை ஏறி இறங்கி, சான் லூயிஸ் ஒபிஸ்போ கவுண்டியிலிருந்து (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) கெர்ன் கவுண்டிக்குள் நுழைகிறது. பிறகு பிளாக்வெல்ஸ் கார்னர், எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே லாஸ்ட் ஹில்ஸ், ஐ-5 நெடுஞ்சாலை, ரோஜா வளர்ப்புக்குப் பெயர்பெற்ற வாஸ்கோ என்று போய், ஃபமோசோ அருகே 99-ஆம் சாலையில் முடிகிறது. மொத்தம் ஏறத்தாழ 110 மைல். விரிகுடாப் பகுதியிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் நீண்ட வார விடுமுறையில் கடற்கரைக்குப் போக அடிக்கடி பிடிக்கும் குறுக்குவழிகளில் இதுவும் ஒன்று.

இந்தத் தடம் யாரோ வரைபடத்தில் அளவுகோல் வைத்து இழுத்த கோடு அல்ல. டயாப்லோ மலைகளும் டெம்பளோர் மலைகளும் சந்திக்கும் இடத்தில் தாழ்வாக இருக்கும் கணவாயைத் தேடிப் போன பழைய வழி அது. அப்படிப் போகும்போது ஷொலாம் பள்ளத்தாக்கில் சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவையும் குறுக்கே கடக்கிறது. 2004-இல் 6.0 அளவில் நில அதிர்வு ஏற்பட்ட பார்க்ஃபீல்ட் அங்கிருந்து வெகு தொலைவில் இல்லை. இதை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. நிலத்தின் போக்கில் போகும் சாலைக்கு நிலத்தின் குணம் வந்துவிடுகிறது. பல மைல் நேராக ஓடிய சாலை, அலை போன்ற சிறு மேடு பள்ளங்களில் ஏறி இறங்கத் தொடங்கும். அந்தப் பள்ளங்களில் ஒரு முழுக் கார் மறைந்து நிற்க இடம் இருக்கும். காரில் அமர்ந்து தூரத்தைப் பார்ப்பவருக்கு, மேட்டின் உச்சியும் அடுத்த மேட்டின் உச்சியும் ஒன்றாகச் சேர்ந்து, நடுவே பள்ளமே இல்லாதது போலத் தெரியும்.

இனிக் கோட்டுக்கு வருகிறேன். முந்தக்கூடாத பகுதியை முடிவு செய்ய நாங்கள் பார்வைத் தூரத்தை அளக்கிறோம். சாலையின் மேல் மூன்றரை அடி உயரத்தில், அதாவது காரில் அமர்ந்திருப்பவரின் கண் மட்டத்தில், ஓர் அடையாளத்தைக் கட்டிய வண்டி முன்னே போகும். அதே மூன்றரை அடி உயரத்தில் கண்ணை வைத்து நான் பின்னால் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை ஒரு மேட்டின் இப்புறம் நின்று பார்த்தபோது, அந்த ஆரஞ்சு நிற அடையாளம் சிறுகச் சிறுகத் தாழ்ந்து, வெயிலில் நெளியும் தார்ப்பரப்புக்குள் கரைவது போல மறைந்தது. சில நொடிகளில் அதே வண்டி அடுத்த மேட்டின் மேல் எழுந்து வந்தது. இடைப்பட்ட நேரம் முழுவதும் என் கண்ணுக்குச் சாலை காலியாக இருந்தது. அளக்கத்தான் நிற்கிறேன் என்று தெரிந்திருந்தும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அமெரிக்கச் சாலைக் குறியீட்டு விதிமுறைப்படி, 55 மைல் வேகமுள்ள சாலையில் முந்த அனுமதிக்கத் தேவையான குறைந்தபட்சப் பார்வைத் தூரம் 900 அடி, அதாவது சுமார் 275 மீட்டர். 60 மைல் வேகத்துக்கு அது 1000 அடி. மெதுவாகப் போகும் வாகனத்தை முந்தவும், எதிரே வண்டி தெரிந்தால் முந்துவதைக் கைவிட்டுப் பின்வாங்கவும் இந்தத் தூரம் போதும் என்ற அடிப்படையில் அமைந்த எண் அது. நீங்கள் தொடங்கும் ஒவ்வொரு முந்தலும் முழுமையாக முடியும் என்று அது சொல்லவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 55 மைல் வேகத்தில் போகும் நீண்ட லாரியை 65 மைல் வேகத்தில் முந்துகிறீர்கள். லாரிக்கு 30 மீட்டர் பின்னால் தொடங்கி, 20 மீட்டர் நீள லாரியைக் கடந்து, 30 மீட்டர் முன்னால் போய்ப் பழைய தடத்துக்குத் திரும்ப, உங்கள் காரின் நீளத்தையும் சேர்த்து, லாரியைவிட 85 மீட்டர் அதிகமாக ஓட வேண்டும். பத்து மைல் வேக வேறுபாட்டில் அதற்கு 19 நொடிகள் ஆகும். அந்த 19 நொடிகளில் நீங்கள் 550 மீட்டர் ஓடியிருப்பீர்கள். எதிரே 65 மைல் வேகத்தில் வருபவரும் 550 மீட்டர் ஓடியிருப்பார். ஆக, 1.1 கிலோமீட்டர் வெற்றுச் சாலை உங்களுக்குத் தேவைப்படுகிறது. கோடு உறுதி செய்வதோ அதில் கால் பங்கு. அந்தத் தம்பிக்கு இதை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கலிஃபோர்னியாவில் நடுவே பிரிப்பு இல்லாத இரு தடச் சாலையில், வேறு அறிவிப்புப் பலகை இல்லாவிட்டால், அதிகபட்ச வேகம் 55 மைல். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அச்சுகள் உள்ள லாரிகளுக்கும் அதே 55தான். ஆகவே, வரம்பு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் லாரியை அத்தகைய சாலையில் சட்டப்படி முந்தவே முடியாது. முந்தித்தான் என்ன கிடைக்கிறது? முப்பது மைலை 55-இல் கடப்பதற்கும் 65-இல் கடப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஐந்தே நிமிடம். பொறுமையாக வருபவர்களுக்கு மேற்குப் பகுதி மலைச் சாலையில் ஒதுங்கு தடங்களும் உண்டு. தன் பின்னால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகள் சேர்ந்துவிட்டால், மெதுவாகப் போகும் ஓட்டுநர் அடுத்த ஒதுங்கு தடத்தில் விலகி வழிவிட வேண்டும் என்பது சட்டம். மலை ஏற்றத்தில் நீங்களே அந்த மெதுவான வண்டியாக இருக்கும்போதும் இது பொருந்தும்.

இச்சாலை உலகப் புகழ் பெற்றது ஒரு மரணத்தால். 1955 செப்டம்பர் 30 அன்று மாலை, ஷொலாம் அருகே 41-ஆம் சாலை பிரியும் சந்திப்பில், நடிகர் ஜேம்ஸ் டீன் தன் போர்ஷே காரில் மேற்கு நோக்கி வந்துகொண்டிருந்தார். அப்போது இச்சாலையின் எண் 466. எதிரே கிழக்கு நோக்கி வந்த ஒரு கல்லூரி மாணவர், 41-க்குச் செல்ல இடப்புறம் திரும்பினார். இரு கார்களும் மோதின. டீனுடையது தாழ்வான, வெள்ளி நிறச் சிறு கார். பொழுது சாயும் வேளை அது. டீனுக்கு அப்போது 24 வயது. அன்று பிற்பகல்தான் கெர்ன் கவுண்டியில் வேகமாக ஓட்டியதற்காக அவருக்கு அபராதச் சீட்டு கொடுக்கப்பட்டிருந்தது. இந்தக் கதையில் பலரும் வேகத்தை மட்டுமே பேசுகிறார்கள். எனக்கோ அந்த மாணவரின் கண்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. நேராக நம்மை நோக்கி வரும் பொருள் நம் பார்வையில் பக்கவாட்டில் நகர்வதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது. தூரத்தில் இருக்கும்வரை அந்த வளர்ச்சி அநேகமாகத் தெரியவே தெரியாது. கடைசி ஓரிரு நொடிகளில்தான் திடீரென்று ஊதிப் பெருகுகிறது. அதனால் எதிரே வருவதன் வேகத்தை மனிதக் கண்ணால் சரியாக மதிப்பிட முடியாது. முந்துவதிலும் இடப்புறம் திரும்புவதிலும் நாம் தவறுவதற்கு மூல காரணம் இதுவே.

ஆகவே, இத்தகைய சந்திப்பில் இடப்புறம் திரும்பக் காத்திருக்கையில், போகலாமா என்று ஒரு கணம் யோசனை வந்தாலே அந்த வண்டியை விட்டுவிடுங்கள். காத்திருக்கும்போது சக்கரங்களை நேராக வைத்திருங்கள். சக்கரம் முன்கூட்டியே திரும்பியிருந்தால், பின்னால் இருந்து யாராவது இடித்தால் நீங்கள் நேரே எதிர்த்தடத்தில் போய் நிற்பீர்கள். இவ்வளவு சிறிய பழக்கம் உயிரைக் காப்பாற்றும் என்று சொன்னால் பலரும் நம்புவதில்லை. விபத்து வரைபடங்களைப் படித்தவன் என்ற முறையில் அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொரு தவறை நான் அறிக்கைகளில் மீண்டும் மீண்டும் படிக்கிறேன். தூக்கக் கலக்கத்திலோ கைபேசியைப் பார்த்ததாலோ வலச்சக்கரம் தார்விளிம்பைத் தாண்டிச் சரளைக் கற்களில் இறங்கும். விளிம்பில் வெட்டியிருக்கும், ரம்பிள் ஸ்ட்ரிப் எனப்படும் வரிப்பள்ளங்களில் சக்கரம் அதிரும். திடுக்கிட்ட ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒரே வெட்டாக இடப்புறம் திருப்புவார். சரளையிலிருந்து தாரில் சக்கரம் ஏறிப் பிடித்துக்கொண்ட அதே கணத்தில், கார் அந்தத் திருப்பத்தோடு எதிர்த்தடத்துக்குள் பாய்ந்துவிடும். சாலையை விட்டு இறங்கியதால் வந்திருக்கக்கூடிய சிறு சேதம், நேருக்கு நேர் மோதலாக மாறுவது இப்படித்தான். சக்கரம் இறங்கிவிட்டால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், காலை மெல்ல எடுத்து வேகம் நன்றாகக் குறைந்த பிறகே மெதுவாகத் தாருக்கு ஏறுங்கள்.

உள்ளூர் மக்கள் 'ஃபிக்ஸ் 46' என்று இயக்கம் நடத்திக் கேட்டதன் விளைவாக, இச்சாலை பகுதி பகுதியாக நான்கு தடங்களாக விரிவாக்கப்பட்டு வந்திருக்கிறது. ஷொலாம் சந்திப்பில் மேம்பாலம் கட்டும் பணியையும் மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸ் மேற்கொண்டது. பெரும் நன்மைதான். ஆனால் நான்கு தடங்கள் முடிந்து இரு தடங்கள் தொடங்கும் இடத்தில் புதிய ஆபத்து ஒன்று பிறக்கிறது. பிரிக்கப்பட்ட சாலையில் பழகிய வேகம் காலில் ஒட்டிக்கொண்டே வரும். மஞ்சள் நிற வைரவடிவப் பலகையில் எதிரெதிர் திசையில் இரண்டு அம்புகள் தெரிந்தால், இனி எதிரே வருபவருக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது பெயிண்ட் மட்டுமே. 46-இலிருந்து நீங்கள் திரும்பக்கூடிய 33-ஆம் சாலையிலும், ஷொலாமிலிருந்து வடகிழக்கே கெட்டில்மன் சிட்டிக்குப் போகும் 41-இலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

கணவாய்க்குக் கிழக்கே நிலம் தட்டையாகிவிடும். அங்கே ஆபத்து வேறு வகையானது. பாதாம், பிஸ்தா தோட்டங்களிலிருந்து டிராக்டர்கள் முக்கோண ஆரஞ்சுப் பலகையோடு சாலையேறும். 15 மைலில் போகும் டிராக்டர் 200 மீட்டர் தொலைவில் தெரிந்தால், 55-இல் வரும் நீங்கள் 11 நொடிகளில் அதன் முதுகில் இருப்பீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மழை பெய்து வானம் தெளிந்து காற்று நின்ற இரவுகளை அடுத்து, டூலி எனப்படும் நிலமூடுபனி இறங்கும். கோடையின் கடைசியிலும் அதற்குப் பின்னும் புழுதி கிளம்பும். 1991 நவம்பர் 29 அன்று, இங்கிருந்து வடக்கே கோலிங்கா அருகே ஐ-5-இல் புழுதிக்காற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் அடுத்தடுத்து மோதி 17 பேர் இறந்தார்கள். பனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும்; லோ பீம் போதும். பார்வை போய்விட்டது என்றால் தடத்தில் நிற்காதீர்கள், சாலையை விட்டு முழுவதுமாக விலகி நில்லுங்கள்.

லாஸ்ட் ஹில்ஸிலும் வாஸ்கோவிலும் வேகப் பலகையைக் கண்டதும் குறையுங்கள். ஒரு மணி நேரம் வேகமாக ஓட்டி வந்தவருக்கு 40 மைல் ஊர்வது போலத் தோன்றும், அதனால் உணர்வை நம்பாமல் ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். விடியலுக்கு முன் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் சாலையோரத்தில் நடந்தும் சைக்கிளிலும் போவார்கள்.

கடைசியாக, பயணத்துக்கு முன் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான் சொல்லித்தருவது ஒன்று உண்டு. கணவாயை ஒட்டிய இடங்களில் கைபேசிச் சமிக்ஞை நிலையாக இருக்காது, வரைபடச் செயலி நின்றுவிடலாம். சாலையோரம் இடுப்பளவு உயரத்தில் மெலிந்த வெள்ளைப் பலகைகள் நடப்பட்டிருக்கும். அதில் மேலே சாலை எண், அடுத்து கவுண்டியின் சுருக்கப் பெயர், கீழே மைல் எண் இருக்கும். சான் லூயிஸ் ஒபிஸ்போவுக்கு எஸ்.எல்.ஓ., கெர்னுக்குக் கே.இ.ஆர். இந்த மைல் எண் கவுண்டி எல்லையில் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. அதனால் 46-இல் 40 என்ற எண் இரண்டு கவுண்டிகளிலும் உண்டு, இரண்டுக்கும் நடுவே 50 மைலுக்கு மேல் இடைவெளி. 911-ஐ அழைக்க நேர்ந்தால், "46, கே.இ.ஆர்., 40" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தத் தம்பியின் மனைவி அன்று அழைத்தபோது மைல் எண்ணை மட்டும் சொல்லியிருக்கிறார். எந்தக் கவுண்டி என்று கேட்டதற்கு அவருக்குத் தெரியவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த வெள்ளைப் பலகையைத் தேடி அவர் சாலையோரம் திரும்பி நடந்திருக்கிறார்.