ராகிங் புகார் கொடுத்தபின் கல்லூரி முதல்வர் சும்மா இருந்தால்?

கல்லூரியில் சேரும் நாளில் நம்மிடம் நீட்டப்படும் காகிதக் கட்டில் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழிப் படிவமும் ஒன்று. மாணவர் ஒரு கையெழுத்து, பெற்றோர் ஒரு கையெழுத்து. இப்போது இணையத்திலேயே நிரப்பிவிடலாம். அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டவர் யாரையும் நான் கண்டதில்லை, நானும் படிக்கவில்லை. ராகிங் செய்யமாட்டோம் என்று மாணவர்கள் எழுதிக்கொடுப்பது எல்லோருக்கும் தெரியும். கல்லூரி நிர்வாகத்தையும் சட்டம் சேர்த்தே கட்டிப்போட்டிருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது.

தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் 1997ஆம் ஆண்டின் 7ஆவது சட்டம். 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர் ஒருவர் கொல்லப்பட்டார். அந்த அதிர்ச்சியில் பிறந்த சட்டம் இது. மிகச் சின்னது, ஒரு தேநீர் ஆறுவதற்குள் படித்துவிடலாம். இலங்கையிலும் 1998இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. அங்குள்ள தமிழர்கள் இதைப் பகிடிவதை என்கிறார்கள். ராகிங் என்பதைவிட நல்ல சொல்தான். பகிடி எங்கே முடிகிறது, வதை எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

நம் சட்டம் அந்தக் கோட்டைத் தாராளமாகவே போட்டிருக்கிறது. ஒரு மாணவருக்கு உடலாலோ மனத்தாலோ தீங்கு விளைவிக்கிற, அல்லது விளைவிக்கக்கூடிய செயல் எதுவும் ராகிங். அச்சம், வெட்கம், கூச்சம் உண்டாக்குவதும் அதில் அடக்கம். கேலி செய்வது, திட்டுவது, அடிப்பது ஆகியவற்றோடு இன்னொன்றையும் சட்டம் சேர்த்துச் சொல்கிறது: சாதாரணமாக ஒரு மாணவர் தானே விரும்பிச் செய்யாத எதையும் அவரைச் செய்யச் சொல்வது. கவனியுங்கள், கட்டாயப்படுத்துவதுகூட வேண்டாம், சொல்வதே போதும். சீனியர் எதிரே வந்தால் சட்டையின் மூன்றாவது பட்டனைப் பார்த்தபடி நிற்கச் சொல்வது இதில் வரும். நள்ளிரவில் எழுப்பி ‘இன்ட்ரோ கொடு’ என்பதும் வரும். ‘சும்மா விளையாட்டுக்குத்தான்’ என்ற பதிலுக்கு இங்கே அதிக மதிப்பில்லை, ஏனென்றால் விளையாட்டுக்குச் செய்யும் குறும்பும் வரையறைக்குள்ளேயே இருக்கிறது. வளாகத்துக்கு வெளியே, பஸ்ஸிலோ வாடகை அறையிலோ நடந்தாலும் ராகிங் ராகிங்தான்.

தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். நேரடியாகச் செய்தவர் மட்டுமல்ல, கூட நின்றவர், தூண்டியவர், பரப்பியவர் எல்லோருக்கும் இது பொருந்தும். நீதிமன்றத்தில் குற்றம் உறுதியானால் அந்த மாணவரைக் கல்லூரியிலிருந்து நீக்க வேண்டும். வேறு எந்தக் கல்வி நிறுவனத்திலும் சேர்க்கக் கூடாது. எத்தனை ஆண்டுக்கு என்று கால அளவு இல்லை. கேரளச் சட்டம் மூன்று ஆண்டு என்று வரம்பு வைத்திருக்கிறது. இருபது வயதில் செய்த தவறுக்கு ஆயுளுக்கும் படிப்பில்லை என்பது எனக்குக் கொஞ்சம் மிகையாகவே படுகிறது. ‘ஒரு பையனின் வாழ்க்கை போய்விடும், மன்னித்துவிடப்பா’ என்று புகார் கொடுத்தவரிடமே பேராசிரியர்கள் கெஞ்சுவதற்கும் இந்தக் கடுமை ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் முதல்வர் அப்படிச் சமரசம் பேசி முடித்துவிட முடியாது. சட்டத்தின் 6ஆவது பிரிவின்படி, புகார் வந்தவுடன் நிறுவனத் தலைவர் விசாரிக்க வேண்டும். உண்மை என்று தெரிந்தால் ராகிங் செய்தவரை இடைநீக்கம் செய்ய வேண்டும். செய்யலாம் என்றில்லை, செய்ய வேண்டும். அதற்கடுத்த 7ஆவது பிரிவுதான் இந்தச் சட்டத்தின் பல். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்கத் தவறியவர், அல்லது அலட்சியமாக இருந்தவர், ராகிங்குக்கு உடந்தையாக இருந்ததாகவே கருதப்படுவார். குற்றம் உறுதியானால் அவருக்கும் அதே இரண்டு ஆண்டு, அதே பத்தாயிரம்.

புகார் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் வாயால் சொன்ன புகார் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் விடுதியில் என் அறைத்தோழன் மூன்று சீனியர்களின் ரெக்கார்டு நோட்டுகளை இரவு இரண்டு மணிவரை எழுதிக்கொண்டிருப்பான். தன்னுடையதை எழுத நேரமில்லாமல் ஆய்வகத்தில் திட்டு வாங்குவான். இருவரும் போய் வார்டனிடம் சொன்னோம். ‘கையெழுத்து அழகாக இருக்கிறது என்று கொடுத்திருப்பார்கள்’ என்று சிரித்தார். பிறகு கேட்டபோது, நாங்கள் வந்ததே அவருக்கு நினைவில்லை. 7ஆவது பிரிவு உயிர்பெற வேண்டுமானால் புகார் வந்தது என்பதற்குச் சான்று வேண்டும்.

ஆகவே ஒரு வெள்ளைத் தாள் போதும். முதல்வருக்கு எழுதுங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த அறை, யார் யார் இருந்தார்கள். பெயர் தெரியாவிட்டால் துறை, ஆண்டு, அடையாளம். பேசிய சொற்களை நாகரிகப்படுத்தாமல் அப்படியே எழுதுங்கள். வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் அழிக்காமல் படமெடுத்து இணையுங்கள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றொன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ‘சார் வந்ததும் போட்டுத் தருகிறோம்’ என்று இழுத்தால் அன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், மின்னஞ்சலிலும் ஒன்று.

மாநிலச் சட்டத்தில் ‘உடனே’ என்று மட்டும் இருப்பதற்கு நாள் கணக்கைத் தருபவை பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள். குற்றவியல் சட்டப்படி வழக்குக்கு இடமிருந்தால், தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைவரே போலீசில் புகார் கொடுத்து எஃப்ஐஆர் பதிவு செய்ய வைக்க வேண்டும். போலீஸ் விசாரிக்கட்டும் என்று கல்லூரி காத்திருக்கவும் கூடாது. தன் விசாரணையையும் நடவடிக்கையையும் ஏழு நாளுக்குள் முடிக்க வேண்டும். ரெக்கார்டு போன்ற படிப்பு வேலைகளைச் செய்ய வைப்பது, பணம் பறிப்பது, சீனியருக்காகச் செலவு செய்ய வைப்பது எல்லாம் இந்த விதிகளில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கின்றன. 2016 திருத்தம் சாதி, மதம், நிறம், மொழி, ஊர், பாலினம், பொருளாதார நிலை ஆகியவற்றைச் சொல்லி இழிவுபடுத்துவதையும் சேர்த்தது. தண்டிக்கப்பட்ட மாணவருக்கு மேல்முறையீட்டு உரிமை உண்டு. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் அதன் துணைவேந்தரிடம் போகலாம்.

அடி, அறையில் அடைத்துவைத்தல், மிரட்டல் போன்றவற்றுக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் சாதியால் இழிவுபடுத்தப்பட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரும். இதற்கெல்லாம் கல்லூரியின் அனுமதி தேவையில்லை, நேராகக் காவல் நிலையம் போகலாம்.

விடுதிக்குள்ளிருந்து எழுதவே பயமாக இருந்தால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை. அவர்கள் கொடுக்கும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே முதல்வருக்கு எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தின் தேதியையும் மறக்காமல் சொல்லுங்கள். ஏழு நாள் கணக்கைக் கேட்க அதுதான் கையிலிருக்கும் ஆதாரம்.