ஆர்.ஓ. தண்ணீர் "செத்த தண்ணீரா"? மழைநீரைப் போற்றிய ஆயுர்வேதம் சொல்வது வேறு

"ஆர்.ஓ. தண்ணீரில் சத்தே கிடையாது, அது செத்த தண்ணீர், எலும்பில் இருக்கும் சுண்ணாம்பைக்கூட உறிஞ்சி எடுத்துவிடும், ஆயுர்வேதம் இதை ஒருநாளும் ஏற்காது." வீட்டில் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. எந்திரத்தைப் பற்றிய இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. சொல்கிறவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஆயுர்வேத நூல்களில் தண்ணீரைப் பற்றிய பகுதிகளை எடுத்து வைத்துப் படித்தபோது எனக்கு ஆச்சரியம்தான் மிஞ்சியது. அவை முதலிடம் கொடுத்திருப்பது தாது உப்பு நிறைந்த தண்ணீருக்கு இல்லை. மண்ணையே தொடாத மழைநீருக்கு.

ஆயுர்வேதத்தின் மூல நூல்களில் ஒன்றான சரக சம்ஹிதையில், சூத்திரஸ்தானம் என்ற பகுதியின் 27ஆம் அத்தியாயம் சொல்வது இது: வானத்திலிருந்து விழும் தண்ணீர் எல்லாம் ஒரே வகைதான், விழும்போதும் விழுந்த பிறகும் அது இடத்தையும் காலத்தையும் பொறுத்து மாறுகிறது. விழுமுன் அதற்கு ஆறு குணங்கள். குளிர்ச்சி, தூய்மை, நலம் தருவது, இனிமை, தெளிவு, லேசாக இருப்பது. பூமியில் இறங்கிய பிறகு மண்ணின் சுவை அதில் ஏறுகிறது. வெள்ளை மண்ணில் துவர்ப்பு, வெளிறிய மண்ணில் கசப்பு, உவர் நிலத்தில் உப்பு, கரிசல் மண்ணில் இனிப்பு என்று வரிசையாகப் போகிறது அந்தப் பட்டியல். இன்னொரு ஆயுர்வேத ஆசிரியரான வாக்படர், அஷ்டாங்க ஹிருதயம் என்ற தன் நூலில் நல்ல மழைநீரை 'அவ்யக்த ரசம்' என்கிறார். அதாவது சுவை இன்னதென்று வெளியே தெரியாத தண்ணீர். ஆர்.ஓ. தண்ணீரைக் குடித்துவிட்டு "ஒரு ருசியும் இல்லையே" என்று நாம் குறை சொல்கிறோம். அவரோ அதையே ஒரு சிறப்பாக எழுதி வைத்திருக்கிறார்.

சரி, மழைநீர் மண்ணில் இறங்கினால் என்ன நடக்கிறது? விழும் வழியிலேயே காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கரைந்து தண்ணீர் லேசான அமிலமாகிவிடுகிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால் அந்த வாயு இன்னும் அதிகம், அமிலத்தன்மையும் கூடுகிறது. இந்தத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறை வழியாக ஊறிப் போகும்போது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்து பைகார்பனேட்டாகத் தூக்கிக்கொண்டு போகிறது. கடின நீர் உருவாவது இப்படித்தான். உவர் நிலம் என்றால் சோடியமும் குளோரைடும் சேரும். சில பாறைகளிலிருந்து ஃபுளோரைடு இறங்கும், சில வண்டல் படிவுகளிலிருந்து ஆர்செனிக் இறங்கும். நல்ல உப்பை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுக்கும் பழக்கம் மண்ணுக்கு இல்லை.

கடின நீர் கொதிக்கும் கெட்டிலின் அடியை ஒருநாள் பாருங்கள். வெள்ளையாக, நகத்தால் சுரண்டினாலும் வராத ஒரு படலம் பிடித்திருக்கும். அதன்மேல் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் சின்னச் சின்னக் குமிழ்கள் கிளம்பி நுரைக்கும், கொஞ்ச நேரத்தில் படலம் இளகிவிடும். அந்தக் குமிழ்களில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு, படலம் கால்சியம் கார்பனேட். மண்ணுக்குள் நடந்த வேலையைச் சூடு அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறது. வாயு வெளியேறியது, சுண்ணாம்பு கீழே தங்கியது. ஆக, தண்ணீரைக் காய்ச்சினாலே கால்சியத்தில் ஒரு பங்கு பாத்திரத்தோடு போய்விடுகிறது. காய்ச்சிய நீரை மருந்துபோலப் பேசுகிற ஆயுர்வேதம் இதை ஒரு நஷ்டமாகக் கருதவில்லை. லேசானது, சுலபமாகச் செரிப்பது என்றுதான் அதைப் புகழ்கிறது.

இப்போது ஆர்.ஓ. எந்திரத்துக்கு வருவோம். உப்பு குறைந்த தண்ணீரையும் உப்பு மிகுந்த தண்ணீரையும் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு வைத்துப் பிரித்தால், தண்ணீர் தானாகவே உப்பு மிகுந்த பக்கம் நகரும். இது சவ்வூடு பரவல். உப்புப் பக்கத்தில் அழுத்தம் கொடுத்தால் தண்ணீர் எதிர்த்திசையில் போகும், உப்பு பின்தங்கிவிடும். தலைகீழ்ச் சவ்வூடு பரவல் (ஆங்கிலத்தில் ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ், சுருக்கமாக ஆர்.ஓ.) என்று பெயர் வந்தது இதனால்தான். கடல்நீர் என்றால் குறைந்தது 27 மடங்கு காற்றழுத்தத்தைத் தாண்டித் தள்ள வேண்டும், வீட்டுக் குழாய் நீருக்குச் சின்ன மோட்டார் தரும் அழுத்தமே போதும். 1950களின் இறுதியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் என்ற இருவரும் செல்லுலோஸ் அசிட்டேட்டில் செய்த சவ்வுதான் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சௌரிராஜன் நம் நாட்டில் பிறந்தவர். இந்த எந்திரத்தை "வெளிநாட்டு வியாபாரம்" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

இந்தச் சவ்வு சல்லடை மாதிரி வேலை செய்வதில்லை. தண்ணீர் மூலக்கூறுகள் சவ்வின் பொருளுக்குள்ளேயே கரைந்து மறுபக்கம் ஊர்ந்து வருகின்றன. மின்னூட்டம் உள்ள உப்பு அயனிகள் தங்களைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளைக் கூட்டமாகக் கட்டிக்கொண்டிருப்பதால் அவற்றுக்கு உள்ளே நுழைவது கஷ்டம். மின்னூட்டம் இரட்டிப்பாக உள்ள கால்சியம், மெக்னீசியத்துக்கு இன்னும் கஷ்டம். சோடியமும் நைட்ரேட்டும் ஓரளவு நழுவி வந்துவிடும். நாம் வேண்டும் என்று நினைக்கிற இரண்டைத்தான் சவ்வு அதிகக் கண்டிப்போடு நிறுத்துகிறது. இந்த அளவில் "ஆர்.ஓ. சத்தை எடுத்துவிடுகிறது" என்பது உண்மைதான்.

எவ்வளவு சத்து என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான கால்சியம் சுமார் 1000 மில்லிகிராம். லிட்டருக்கு 50 மில்லிகிராம் கால்சியம் உள்ள தண்ணீரை 2 லிட்டர் குடித்தால் 100 கிடைக்கும், பத்தில் ஒரு பங்கு. ஆர்.ஓ.வில் அது 5 மில்லிகிராமாக இறங்கினால் கிடைப்பது வெறும் 10. மெக்னீசியத்திலும் ஏறக்குறைய இதே கதை. உணவு சரியாக இருக்கிறவருக்கு இந்த இழப்பு சின்னது. பாலும் கீரையும் பருப்பும் தட்டில் அபூர்வமாகவே வருகிற ஒருவருக்கு இதே 90 மில்லிகிராம் சின்னதில்லை. தண்ணீரைப் பற்றிய எல்லா வாதங்களிலும் நான் கவலைப்படுகிற ஆள் அவர்தான். அவரை விட்டுவிட்டு வசதியாகச் சாப்பிடுகிறவர்களின் எலும்பைப் பற்றி மட்டும் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எலும்பை உறிஞ்சும் என்பது மட்டும் சரியில்லை. நாம் குடிக்கும் 2 லிட்டர் தண்ணீர் குடலுக்குள் தனியாகப் போவதில்லை. உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம், கணைய நீர், குடல் சுரப்பு என்று உடம்பே ஒரு நாளைக்குச் சுமார் 7 லிட்டர் உப்புள்ள திரவத்தை அங்கே ஊற்றுகிறது, பிறகு ஏறக்குறைய முழுவதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அந்த வெள்ளத்தில் கலந்த ஒரு டம்ளர் தண்ணீர், வரும்போது மழையாக இருந்ததா கிணறாக இருந்ததா என்ற வித்தியாசமெல்லாம் கரைந்துவிடும். அப்புறம் சிறுநீரகங்கள் இருக்கின்றன. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி அதில் 99 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்புகிற உறுப்பு அது, எந்த உப்பை வைப்பது எதை விடுவது என்று நொடிக்கு நொடி தீர்மானிக்கிறது. ரத்தத்தில் கால்சியம் துளி குறைந்தாலும் கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் உடனே வேலையைத் தொடங்கிவிடும். அப்போது அவை எலும்பிலிருந்தும் கால்சியம் எடுக்கும், அது நிஜம். ஆனால் அதற்குக் காரணம் பல மாதம், பல வருடம் உணவில் கால்சியமும் உடம்பில் வைட்டமின் டி-யும் போதாமல் இருப்பது. தண்ணீர் உறிஞ்சி எடுப்பதால் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் எந்தத் தண்ணீர், எவ்வளவு என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தக் குழப்பத்தில் நம் மொழிக்கும் ஒரு பங்கு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தாது என்று ஒரே சொல்லைத்தான் இரண்டுக்கும் வைத்திருக்கிறோம். தண்ணீரில் கரைந்திருப்பது தாது உப்பு. ஆயுர்வேதத்தில் ரசம், ரத்தம், மாமிசம், மேதஸ், அஸ்தி, மஜ்ஜை, சுக்கிலம் என்று உடம்பைக் கட்டுகிற ஏழும் தாதுக்கள். "தண்ணீரில் தாது இல்லை, அதனால் உடம்பின் தாது குறையும்" என்று கேட்டவுடன் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் ஆயுர்வேதத்தின் கணக்கில் ஏழு தாதுக்களுக்கும் ஊட்டம் கொடுப்பது நன்றாகச் செரித்த உணவின் சாரம். எலும்பு என்கிற அஸ்தி தாதுவும் அந்த வரிசையில்தான் வருகிறது. அதேபோல 'லகு', அதாவது லேசானது, என்று நூல் சொல்வதை இன்றைய 'குறைந்த உப்பு' என்று அப்படியே மொழிபெயர்க்கவும் கூடாது. லகு என்பது செரிமானத்தை வைத்துச் சொன்னது, மில்லிகிராமை வைத்துச் சொன்னதில்லை. இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். ஒன்றை வைத்து மற்றொன்றுக்குச் சான்றிதழ் கொடுக்கக்கூடாது என்பது என் கருத்து, ஆர்.ஓ.வை ஆதரிக்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

உண்மையில் சத்து போகிற இடம் அடுப்பு. உப்பு குறைந்த தண்ணீரில் காய்கறியை வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால், காயிலிருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் கணிசமாக இறங்கிவிடும். 60 சதவிகிதம் வரைகூடப் போகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட தொகுப்பு ஒன்று. கடின நீரில் இந்த இழப்பு குறைவு. பருப்பு மட்டும் இதற்கு நேர்மாறு. கடின நீரின் கால்சியம் பருப்பின் பெக்டினோடு இறுக்கமாகப் பிணைந்துகொள்வதால் எத்தனை நேரம் வைத்தாலும் அது வேகாமல் அடம்பிடிக்கும், ஆர்.ஓ. நீரில் மலர்ந்து வெந்துவிடும். ஆகவே ஆர்.ஓ. நீரில் சமைக்கிறவர்கள் வேகவைத்த நீரைக் கொட்டாமல் சாறாகவோ குழம்பிலோ சேர்த்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்தது டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்தப் பொருளின் அளவைக் காட்டுவதாகச் சொல்லும் மீட்டர். பேனா மாதிரி இருக்கும், தண்ணீரில் முக்கினால் எண் காட்டும். ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் அரை கிராம் சமையல் உப்பைப் போட்டுப் பாருங்கள், எண் ஒரேயடியாக 500 பக்கம் ஏறும். இன்னொரு லிட்டரில் ஒரு கரண்டி சர்க்கரையைக் கலக்கிப் பாருங்கள். தித்திக்கிற தண்ணீர், ஆனால் எண் ஏறக்குறைய அசையாது. காரணம் மீட்டர் அளப்பது மின்சாரம் கடத்தும் திறனை. உப்பு அயனிகளாகப் பிரிந்து மின்சாரத்தைக் கடத்தும், சர்க்கரை கடத்தாது. பூச்சிக்கொல்லியும் பாக்டீரியாவும் இதே காரணத்தால் மீட்டருக்குத் தெரியாது. ஆர்செனிக்கின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப்போல் ஐந்து மடங்கு இருந்தாலும் மீட்டரில் ஒரு எண்கூட மாறாது. "டிடிஎஸ் 80, அருமையான தண்ணீர்" என்று யாராவது சொன்னால், அந்த 80 எந்த உப்புகளால் ஆனது என்பதை மீட்டர் சொல்லவில்லை என்று நினைவில் வையுங்கள்.

இங்கே இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பல ஆர்.ஓ. எந்திரங்களில் "தாது உப்பைக் காக்கும்" என்று சொல்லி ஒரு டிடிஎஸ் திருகு வைத்திருப்பார்கள். அது பெரும்பாலும் செய்யும் வேலை, சவ்வு வழியாகப் போகாத தண்ணீரில் ஒரு பங்கை எடுத்து, சுத்தமான நீரோடு கலப்பதுதான். கிணற்றில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் எந்திரம் வாங்கியவருக்கு, கால்சியத்தோடு அந்த ஃபுளோரைடும் திரும்பி வரும். உப்பு சேர்க்கத்தான் வேண்டுமென்றால் சுண்ணாம்புக்கல் துகளும் மெக்னீசியம் ஆக்சைடும் உள்ள குப்பி வழியாகச் சுத்த நீரை விடுவது நல்ல வழி. அது தண்ணீரின் லேசான அமிலத்தன்மையையும் தணிக்கும்.

அந்த அமிலத்தன்மையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செம்புப் பாத்திரம் நினைவுக்கு வருகிறது. செம்பில் ஊற்றி வைத்த தண்ணீரில் செம்பு அயனிகள் துளித்துளியாக இறங்கி பல நோய்க்கிருமிகளைக் கொல்கின்றன, ஆய்வகங்களில் பார்த்து உறுதி செய்த விஷயம் இது. ஆனால் உப்பு குறைந்த, லேசாக அமிலமான ஆர்.ஓ. நீர், கடின நீரைவிட உலோகத்தை அதிகம் அரிக்கும், கடின நீர் பாத்திரத்தில் விடுகிற பாதுகாப்புப் படலமும் இதில் உருவாவதில்லை. ஒரு இரவு வைத்துக் குடிப்பது வேறு, நாள் கணக்கில் அப்படியே விட்டுவைப்பது வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம் செம்பு. அப்புறம், செம்பு கால்சியத்துக்கோ மெக்னீசியத்துக்கோ மாற்றும் ஆகாது.

காய்ச்சி ஆறிய நீரை இரவெல்லாம் வைத்திருந்து குடித்தால் அது வாதம், பித்தம், கபம் என்ற மூன்று தோஷங்களையும் கெடுக்கும் என்று வாக்படர் எழுதியிருக்கிறார். இன்றைய காரணத்தைத் தேடினால் ஒன்று கிடைக்கிறது. காய்ச்சிய நீரிலும் ஆர்.ஓ. நீரிலும் குளோரின் மிச்சம் இருக்காது, காவல் இல்லாத தண்ணீர் அது. மூடாத பாத்திரமும் உள்ளே விட்டு மொள்ளும் கையும் சேர்ந்தால் கிருமிகள் மறுபடி பெருகும். அவர் எதை மனதில் வைத்து எழுதினார் என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் அன்றன்று காய்ச்சி அன்றன்று குடிப்பது நல்ல பழக்கம்தான்.

எனவே ஆர்.ஓ. வேண்டுமா வேண்டாமா என்பதற்குப் பதில் உங்கள் தண்ணீரில்தான் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. அந்த அளவுக்குள் இருந்து, ஃபுளோரைடு, ஆர்செனிக், நைட்ரேட் தொல்லையும் இல்லையென்றால் வடிகட்டிக் காய்ச்சினாலே போதும். ஆர்.ஓ. வைத்தால் ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் வீணாக வெளியே ஓடும். தொல்லை இருந்தால் ஆர்.ஓ.வைத் தயங்காமல் வையுங்கள், கால்சியத்தைச் சாப்பாட்டில் தேடிக்கொள்ளலாம்.

எந்தத் தண்ணீரையும் பார்க்காமல் நம்பக்கூடாது என்பதில் இன்னொரு பழைய ஆயுர்வேத ஆசிரியரான சுசுருதர் கறாரானவர். மழைநீரைக்கூட அவர் சோதிக்கச் சொல்கிறார். வெள்ளிப் பாத்திரத்தில் செந்நெல் சோற்று உருண்டை ஒன்றை வைத்து மழையில் வெளியே வைக்க வேண்டும், ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம் கழித்தும் சோறு மாறாமல் இருந்தால் அது நல்ல மழைநீர், நிறம் மாறிப் பிசுபிசுத்தால் குடிக்கக்கூடாது. இன்று அந்த வேலையைச் செய்ய நீர்ப் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்செனிக், கோலிஃபார்ம் பாக்டீரியா என்று கேட்டு வாங்குங்கள். கிணறோ ஆழ்துளையோ என்றால் கோடையில் ஒருமுறை, மழை ஓய்ந்த பிறகு ஒருமுறை. நிலத்தடி நீர்மட்டம் இறங்கும்போதும் ஏறும்போதும் அதே கிணற்றில் இருக்கும் உப்பின் அளவு மாறிவிடும்.