தலைக்காயத்துக்கு வருவது பரீட்சை மார்க் இல்லை

கோப்பின் முதல் பக்கத்தில் "நினைவு தவறவில்லை, கோமா அளவு 15" என்று இருக்கிறது. அதே கோப்பில், பத்து மணி நேரம் கழித்து, "கோமா அளவு 7". தலையில் அடிபட்டவருக்கு நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று 15 வரை போடும் எண் அது. குறையக் குறைய மோசம். இந்த மாதத்தில் இப்படி என் மேசைக்கு வந்த மூன்றாவது கோப்பு இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ராமநாதபுரம் கடற்கரையோர ஊர் ஒன்றில் மெடிக்கல் கோடிங் பார்க்கிறேன். மருத்துவர் எழுதிய காயம், நோய், சிகிச்சை எல்லாவற்றையும் அதற்குரிய குறியீட்டு எண்ணாக மாற்றுவது வேலை. இதற்கு முன் சில வருடம் சென்னையில் அமெரிக்க மருத்துவமனைகளின் கோப்புகளைப் பார்த்தேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் எங்கே என்ன தவறியது என்று கோப்பை முதலிலிருந்து கடைசிவரை படிக்கும் ஆள் நான்தான்.

யாரென்று தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில், தேவிபட்டினம் பக்கம், சாயங்காலம் பைக்கில் வந்த இரண்டு நண்பர்கள் விழுந்தார்கள். ஓட்டியவனுக்குப் புருவத்துக்கு மேலே கிழிந்துவிட்டது. கொஞ்ச நேரம் பேச்சுமூச்சில்லை. அப்புறம் எழுந்து, முகம் கழுவி, டீ குடித்திருக்கிறான். ரத்தம் நிற்கவில்லை என்றுதான் ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். "மயக்கம் போட்டாரா?" என்று டியூட்டி டாக்டர் கேட்டதற்கு நண்பன் சொன்ன பதில்: "இல்ல சார், உடனே எந்திரிச்சுட்டான்." தையல் போட்டார்கள். இரவு இருந்து பார்க்கச் சொன்னதற்கு, வீட்டார் எங்கள் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டு அழைத்துப் போய்விட்டார்கள். "பதினஞ்சுக்குப் பதினஞ்சு வந்திருக்கே, அப்புறம் என்ன?" என்றாராம் தாய்மாமன். ராத்திரி குறட்டை விட்டான். அசந்து தூங்குகிறான் என்று நினைத்தார்கள். விடியற்காலையில் எழுப்பினால் எழவில்லை. மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தம் கட்டியிருந்தது. மதுரைக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தான். வலது கை இன்னும் சரியாக வரவில்லை.

அந்தப் "பதினஞ்சுக்குப் பதினஞ்சு" இருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும். கிளாஸ்கோ நகரத்தில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு மருத்துவர்கள் 1974-இல் கொண்டுவந்த அளவு அது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6. ஒவ்வொன்றிலும் மிகக் குறைந்தது 1. அதனால் அசைவே இல்லாமல் கிடப்பவருக்கும் 3 வரும். 0 என்பதே கிடையாது. "எட்டு வந்திருக்கு, பாதிக்கு மேல இருக்குல்ல" என்று ஒரு அக்கா என்னிடம் கேட்டார். எட்டும் அதற்குக் கீழும் கடுமையான மூளைக்காயம், அக்கா. 9 முதல் 12 வரை நடுத்தரம். 13 முதல் 15 வரை லேசானது என்று எழுதுவார்கள். அந்த "லேசானது" என்ற சொல்லும் ஆளை ஏமாற்றும். பெயர் சொல்லுகிறார், கையைத் தூக்கு என்றால் தூக்குகிறார், இது எந்த இடம் என்று கேட்டால் மட்டும் "படகுலதான் இருக்கேன்" என்கிறார். பேச்சில் ஒன்று குறைந்து மொத்தம் 14. பரீட்சையில் 14 என்றால் சந்தோஷப்படலாம். இங்கே, தான் எங்கிருக்கிறோம் என்று மூளைக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு குழப்பம். காயம் எவ்வளவு மோசம் என்று சொல்ல ஏ.ஐ.எஸ். என்று வேறொரு அளவு உண்டு, 1 முதல் 6 வரை. அதில் எண் கூடக் கூட மோசம். கோமா அளவில் குறையக் குறைய மோசம். இரண்டையும் ஒரே தாளில் பார்த்துவிட்டு நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

முக்கியமான விஷயம், 15 என்பது அந்த நிமிடத்துக்கான எண். அமெரிக்கக் குறியீட்டு முறையில், கோமா அளவுக்கான குறியீட்டு எண்ணில் ஏழாவது இடம் ஒன்று இருக்கிறது. விபத்து நடந்த இடத்தில் எடுத்ததா, அவசரப் பிரிவுக்கு வந்தபோதா, உள்நோயாளியாகச் சேர்த்தபோதா, 24 மணி நேரம் கழித்தா என்று அது கேட்கும். நேரம் மாறினால் எண் மாறும் என்பதால்தான் அப்படி ஒரு இடம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில், நெற்றிப்பொட்டுப் பக்கம் எலும்பு முறிந்து உள்ளே ரத்தக்குழாய் கிழிந்தால், சில மணி நேரம் நன்றாகப் பேசிவிட்டு அப்புறம் சாய்வார்கள்.

சரி, அந்த நண்பன் ஏன் பொய் சொன்னான்? போலீஸ் கேஸ் ஆகிவிடும், குடித்தது தெரிந்துவிடும் என்ற பயம். "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடான ஏ.ஆர். புத்தகத்தில் எழுதச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்! சாலை விபத்து என்று இருந்தால் தமிழக அரசின் "நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வழி உண்டு. வீட்டில் விழுந்தார் என்று எழுதிவிட்டு அந்த உதவியைக் கேட்டால் எப்படிக் கிடைக்கும்? கோப்பில் இல்லாததைக் குறியீடாகப் போட எனக்கு அதிகாரம் இல்லை. குடித்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். போதையில் உளறுகிறானா, மூளைக்காயத்தில் உளறுகிறானா என்று மருத்துவர் பிரித்துப் பார்க்க அது வேண்டும். தற்செயலாக உதவிக்கு வந்தவருக்கும் பயம் வேண்டாம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அவர் பெயரைச் சொல்லியாக வேண்டிய கட்டாயம் கிடையாது.

மயக்கம் எவ்வளவு நேரம் என்பதற்கும் குறியீட்டில் தனி இடம் உண்டு. மயங்கவே இல்லை என்றால் 0, முப்பது நிமிடம் வரை 1, அதற்கு மேல் 2, 3 என்று போகும். மயங்கியது தெரியும், நேரம் தெரியாது என்றால் 9. எங்கள் பக்கத்துக் கோப்புகளில் இந்த 9 போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. கடிகாரம் பார்க்கவில்லையா, பரவாயில்லை. "மஃரிப் பாங்கு ஆரம்பிச்சப்ப விழுந்தாரு, பாங்கு முடியறதுக்குள்ள கண்ணு முழிச்சாரு" என்று, மாலைத் தொழுகை அழைப்பைக் கணக்கு வைத்து, கீழக்கரையிலிருந்து வந்த ஒரு பெரியவர் சொன்னார். எனக்கு அது போதும். மருத்துவருக்கும் போதும்.

ரத்தம் வெளியே வந்துவிட்டால் உள்ளே கட்டாது என்பது தவறு. வெளியே வருவது தோலிலிருந்து. கடலில் மடிவலை இழுக்கும்போது அடிபட்டாலும் பனையிலிருந்து விழுந்தாலும், கழுத்தை அசைக்காமல் தூக்குங்கள். தரையில் 108. கடலில் வயர்லெஸில் சொல்லிவிட்டுப் படகைத் திருப்புங்கள், மீன்பாடு அப்புறம். கரையில் இருப்பவர்கள் கடலோரக் காவல் படையின் 1554-ஐ அழைக்கலாம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, ஒரு பக்கம் கை கால் தளர்வது, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல ஒழுகுவது, இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் தலையில் லேசாக இடித்துக்கொண்டாலும் அழைத்து வாருங்கள். மாத்திரை அட்டையையும் எடுத்து வாருங்கள்.

தயவுசெய்து ஒன்று. ஆம்புலன்ஸில் அடிபட்டவரோடு ஏற வேண்டியவர், அவர் விழுந்ததைப் பார்த்த ஆள். அது டீக்கடைக்காரராக இருந்தாலும் சரி. சித்தப்பாவும் மாமாவும் பின்னால் பைக்கில் வந்துகொள்ளட்டும்.