ஓவர்கிளாக்கிங் – துடிப்பேற்றம்: சொல் விளக்கம்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டிச் சித்தப்பாவின் தறிக்கூடம் இருக்கிறது. நான்கு விசைத்தறிகள். முன்பக்க அறையில் நான் கணினி பழுது பார்க்கிறேன். போன மே மாதம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் தன் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணா, இதை ஓவர்கிளாக் பண்ணித் தர்றீங்களா?" என்று கேட்டான். தண்ணீர் குடிக்க வந்த சித்தப்பா நின்றார்.

"அப்படின்னா என்ன கண்ணு?"

"கம்ப்யூட்டரை வேகமா ஓட வைக்கிறது மாமா."

"வேகமா ஓட வைக்கிறதுக்குக் கிளாக்கு எதுக்கு?"

பையனிடம் பதில் இல்லை. என்னிடமும் அன்றைக்கு ஒழுங்கான பதில் இல்லை. பத்து வருடமாக நாக்கில் புழங்கும் சொல்லுக்குள் ஒரு கடிகாரம் உட்கார்ந்திருப்பதை நான் யோசித்ததே கிடையாது.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். கணினியின் கணக்கையெல்லாம் போடும் சில்லான நுண்செயலி (புராசசர்) இந்த வேகத்தில் ஓடும் என்று தயாரித்தவர் ஓர் அளவைக் குறித்துத் தருகிறார். அந்த அளவுக்கு மேல் நாமே அதை ஓட வைப்பதுதான் ஓவர்கிளாக்கிங். 'ஓவர்' என்பது அளவுக்கு மீறி என்ற பொருளில் வரவில்லை, குறித்த அளவுக்கு மேல் என்ற பொருளில் வருகிறது. இந்த வேறுபாடு தமிழ்ச்சொல் தேடும்போது முக்கியமாகிறது.

இனி 'கிளாக்'. ஆங்கிலத்தில் இது 14ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த சொல். இடைக்கால லத்தீனில் 'கிளாக்கா' என்றால் மணி, அதாவது அடிக்கிற மணி. பிரெஞ்சில் 'குளோஷ்', ஜெர்மனில் 'குளோக்கெ' இரண்டும் இன்றும் மணியைத்தான் குறிக்கின்றன. முதலில் வந்த கோபுரக் கடிகாரங்களில் பலவற்றுக்கு முள்ளும் முகமும் இல்லை. வேளை வந்தால் மணி அடிக்கும், அவ்வளவுதான். மணியின் பெயரே கருவிக்கு நின்றுவிட்டது. "மணி என்ன?" என்று நாம் கேட்பதும் இதே கதைதான். கோயிலில் தொங்குவதும் மணி, பத்தரை என்று சொல்வதும் மணி. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பாராமலே ஒரே இடத்துக்கு வந்து நிற்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

நம் 'கடிகாரம்' வேறு வழியில் வந்தது. அதன் வேர் 'கடிகை', அதாவது சிறு குடம். அடியில் துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்கும் நேரத்தை ஒரு நாழிகை என்று கணக்கிட்டார்கள். இன்றைய கணக்கில் 24 நிமிடம். முல்லைப்பாட்டில் நாழிகைக் கணக்கர் குறுநீர்க் கன்னலைப் பார்த்து அரசனுக்கு நேரம் சொல்கிறார்கள். ஆக, கடிகாரம் என்ற சொல்லுக்குள் இருப்பது நேரத்தை அளத்தல்.

கணினிக்குள் இருக்கும் 'கிளாக்' நேரம் சொல்வதற்காக வைத்தது அல்ல. தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) ஒரு குவார்ட்ஸ் படிகம் சீராக அதிர்கிறது. அதிலிருந்து ஒரு தட்டு, இன்னொரு தட்டு என்று மின்துடிப்புகள் பிறக்கின்றன. ஒவ்வொரு தட்டுக்கும் நுண்செயலியின் உறுப்புகள் எல்லாம் ஒன்றாக ஓர் அடி எடுத்து வைக்கின்றன. 4.5 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 450 கோடித் தட்டு. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் ஒளிகூட ஏறக்குறைய 6.7 சென்டிமீட்டர்தான் போக முடியும். என் ஆட்காட்டி விரல் நீளம்.

சித்தப்பாவுக்கு இதை விளக்கத் தறிக்கூடத்துக்கே போய்விட்டேன். மோட்டார் ஒரே சீராகச் சுற்றுகிறது. அதன் புல்லியிலிருந்து பெல்ட் வழியாகத் தறி ஓடுகிறது. மோட்டார் பக்கம் பெரிய புல்லி போட்டால் அதே மோட்டாரில் தறி கூடுதல் வேகத்தில் ஓடும். நுண்செயலியிலும் அப்படியே. பெருக்குவதற்கு முன் உள்ள அடித்துடிப்பு பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 10 கோடித் தட்டு. அதை 45ஆல் பெருக்கினால் 4.5 கிகாஹெர்ட்ஸ். இந்த 45தான் பெருக்கி. அதை 46 ஆக்குவது புல்லி மாற்றுவது போல.

"சரி, புல்லியை மாத்திட்டே போனா?" என்றார். பதில் அவருக்கே தெரியும். பாவு, அதாவது நெடுக்கிழைகள், விரிந்திருக்கும் அந்தக் கண நேரத்துக்குள், குறுக்கிழையைச் சுமந்து போகும் நாடா இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். வேகம் கூடக் கூட அந்த நேரம் சுருங்குகிறது. நாடா வழியில் இருக்கும்போதே பாவு மூடினால் இழைகள் கொத்தாக அறும். அதனால்தான் நாடா பெட்டியில் சேரவில்லை என்றால் தறி 'டக்'கென்று தானே நின்றுவிடும்படி செய்திருக்கிறார்கள். நுண்செயலிக்குள் நாடாவுக்குப் பதில் மின்குறி ஓடுகிறது. கூட்டலின் விடை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அடுத்த தட்டுக்குள் வந்து சேர வேண்டும். வராவிட்டால் பழைய விடையோ அரைகுறை விடையோதான் பதிவாகும். பயன்பாடு மூடிக்கொள்ளும், அல்லது கணினியே நின்று நீலத் திரை வரும்.

அப்போது என்ன செய்வது? நாடாவை ஓங்கி அடிக்க வேண்டும். நுண்செயலியில் அதற்கு ஈடு மின்னழுத்தம். அழுத்தம் கூடினால் டிரான்சிஸ்டர்கள் விரைவாக மாறும், குறி நேரத்துக்கு வந்து சேரும். ஆனால் ஓங்கி அடிக்கிற தறியில் அடிக்கும் கட்டை சீக்கிரம் தேய்வது போல, இங்கே மின்செலவும் சூடும் ஏறுகின்றன. மின்செலவு துடிப்போடு நேராகவும், அழுத்தத்தோடு இருமடியாகவும் ஏறும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் செலவு ஏறத்தாழ 33 சதவீதம் கூடும். புதிதாகத் தொடங்குபவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய கணக்கு இது ஒன்றுதான்.

சொல்லின் பழைய நாட்களில் படிகத்தையே மாற்றினார்கள். 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினி 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. பலர் அதன் 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைக் கழற்றிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகம் மாட்டி 8இல் ஓட்டினார்கள். அதைத் தடுக்க அந்நிறுவனம் பின்னால் பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருளில், ஒரு சோதனையைச் சேர்த்தது. 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ இன்னும் பேர்போனது. பெருக்கி 4.5இல் பூட்டியிருந்தது. அடித்துடிப்பை 66இலிருந்து 100 ஆக்கியதும் 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450இல் ஓடியது. இன்றைக்கு அவ்வளவு மிச்சம் வைத்து விற்பதில்லை. இன்டெல்லில் பெயர்க் கடைசியில் 'கே' எழுத்துள்ளவையும் 'இசட்' வரிசைத் தாய்ப்பலகையும் வேண்டும். ஏ.எம்.டி. ரைசனில் பெரும்பாலானவை திறந்தே இருக்கின்றன, ஆனால் 'ஏ' வரிசைப் பலகையில் முடியாது.

பையனுடையது ரைசன், பலகையும் ஒத்துவந்தது. தொடங்கினோம். முதலில் எதையும் மாற்றாமல் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளை ஓட்டி வெப்பத்தைக் குறித்துக்கொண்டோம். பிறகு பயாஸில் பெருக்கியை ஒன்று மட்டும் கூட்டி, அரை மணி நேரம் ஓட்டி, மறுபடி குறித்தோம். தடுமாறிய பிறகுதான் அழுத்தத்தைத் தொட வேண்டும், அதுவும் 0.01, 0.02 வோல்ட் என்று. அழுத்தத்தை மட்டும் ஆட்டோவில் விடாதீர்கள். என் முதல் முயற்சியில் அப்படி விட்டு, பலகை தன்பாட்டுக்கு அள்ளிக் கொடுத்து, இரண்டே நிமிடத்தில் 100 டிகிரியைப் பார்த்தேன். கணினி திறக்காமலே நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து, பலகையில் உள்ள காசு வடிவ பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பழைய அமைப்பு திரும்பிவிடும். உத்தரவாதம் செல்லாமல் போகலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

சேலத்தில் பெரிய சிக்கல் வெயில். காற்றில் குளிரும் எந்தக் கூலரும் அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. மே மாத மதியம் என் அறையில் 38 டிகிரி. அந்தப் பையனின் நுண்செயலி முழுப் பளுவில் 91 டிகிரியைத் தொட்டது. அடுத்த வாரம் அவன் குடும்பம் ஏற்காட்டில் அத்தை வீட்டுக்குப் போனது. நானும் கூடப் போனேன். 20 கொண்டை ஊசி வளைவுகளும் கேபினட்டைப் படுக்கைவாட்டில் மடியில் வைத்திருந்தேன். நிமிர்த்தி வைத்தால் கனமான கூலர் பக்கவாட்டில் தொங்கிப் பலகையை இழுக்கும். மாலையில் அங்கே அறை 22 டிகிரி. அதே அமைப்பு, அதே சோதனை, 77 டிகிரி. அறை 16 குறைந்ததற்குச் சில்லு 14தான் குறைந்தது. மலையில் காற்று மெலிது, விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிக்கொண்டு போகும் சூடு கொஞ்சம் குறைவு. ஏற்காட்டில் நிலையாக ஓடிய அமைப்பை அப்படியே சேலத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்பது அன்றைக்கு அவனுக்கு நன்றாகப் புரிந்தது.

இப்போது தமிழ்ச்சொல். 'மிகைக்கடிகாரம்' என்றால் அறையில் கடிகாரம் அதிகம் என்பது போல் கேட்கிறது, மேலும் அளத்தல் என்ற பொருள் இங்கே ஒட்டாது. மணியை வைத்துச் சொல்லலாம் என்று எனக்கு ஆசைதான். ஆனால் மிகை என்று ஆரம்பித்து மணியைச் சேர்த்தால் ஆலையில் ஓ.டி. பார்ப்பது நினைவுக்கு வரும். 'செயலி வேகப்படுத்தல்' இன்னும் குழப்பம். செயலி என்ற சொல்லைக் கைபேசியில் நிறுவும் ஆப்புக்குக் கொடுத்துவிட்டோம். அதனால்தான் இக்கட்டுரை முழுக்க நுண்செயலி என்று எழுதினேன். 'அதிர்வெண் உயர்த்தல்' பிழையில்லாதது, பாடநூலுக்குப் பொருந்தும், ஆனால் வாயில் வராது.

என் தேர்வு 'துடிப்பு'. நாடி துடிக்கிறது, இதயம் துடிக்கிறது என்பதால் சீரான தட்டு என்ற பொருள் யாருக்கும் சொல்லாமலே விளங்கும். துடி என்பது இடை சுருங்கிய சிறுபறைக்கும் பழைய பெயர். அங்கே மணி, இங்கே பறை. அதோடு 'ஏற்று' என்ற வினையைச் சேர்த்தால் துடிப்பேற்றம். துடிப்பேற்று, துடிப்பேற்றினான், துடிப்பேற்றிய நுண்செயலி என்று எல்லா வடிவமும் எடுக்கும். எதிர்ச்சொல்லும் கூடவே கிடைக்கிறது: அண்டர்கிளாக்கிங்குக்குத் துடிப்பிறக்கம். குறித்த அளவுக்கு மேல் ஓடும் நிலையைச் சொல்ல 'மிகைத்துடிப்பு' என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். மிகை என்பது குற்றம் தொனிக்கும் சொல் என்பார்கள். இங்கே அது குறித்த அளவைத் தாண்டியது என்பதைச் சொல்கிறது, நமக்கு வேண்டியதும் அதுவே. டர்போ, பூஸ்ட் எனப்படுபவை தயாரிப்பாளர் வகுத்த எல்லைக்குள் சில்லு தானே ஏறுவது. அவற்றைத் துடிப்பேற்றம் என்று சொல்லக் கூடாது, 'தன்னேற்றம்' போதும்.

ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் நான் தவித்தேன். 'ஸ்டேபிள்'. நிலையானது, உறுதியானது என்று எழுதிப் பார்த்தும் ஓடுகிற பொருளுக்கு அது அசையாத பெயராக இருந்தது. சேலம் திரும்பி மறுபடி சோதித்த அன்றிரவு, பெருக்கியின் எண்களைக் குறித்திருந்த பையனின் நோட்டைச் சித்தப்பா வாங்கிப் பார்த்தார். புதுப் புல்லி மாட்டிய தறியைப் பற்றி வழக்கமாகக் கேட்பது போலவே, "நின்னு ஓடுதா?" என்றார். பையன் 'ஸ்டேபிள்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு எழுதினான்:

46 – சேலத்திலும் நின்னு ஓடுது.
47 – ஏற்காட்டில் நின்னு ஓடுது. சேலத்தில் மதியம் இழை அறுந்தது.