குதிரை இன்புளுவென்சா: சொல் விளக்கம்

குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகியவற்றின் மூச்சுப்பாதையைத் தாக்கி, கடுங்காய்ச்சலையும் வறட்டு இருமலையும் உண்டாக்கும் வைரசு நோய்க்குக் குதிரை இன்புளுவென்சா என்று பெயர். இதற்குரிய தமிழ்ச்சொல் குதிரைத் தடிமன் காய்ச்சல் என்பது என் துணிபு. வெறுமனே குதிரைத் தடிமன் என்று எழுதுவது பிழை. அதற்கான காரணத்தைக் குதிரையின் மூச்சுக்குழலுக்குள் சென்றுதான் பார்க்க வேண்டும்.

இன்புளுவென்சா இத்தாலிய மொழிச் சொல். செல்வாக்கு, ஆதிக்கம் என்பது அதன் பொருள். 'உள்ளே பாய்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினை அதன் வேர். விண்மீன்களிலிருந்து ஏதோவொன்று பாய்ந்து வந்து மாந்தரை ஆட்டிப்படைக்கிறது என்று இடைக்கால ஐரோப்பியர் நம்பியதால், ஊரெங்கும் ஒரே வேளையில் பரவும் காய்ச்சலுக்கு இப்பெயர் வாய்த்தது. 1743ஆம் ஆண்டளவில் இத்தாலியில் பரவிய ஒரு கொள்ளைநோயின் வழியாக அது ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்தது. 'கிரகம் சரியில்லை' என்று சொல்லிப் பழகிய நமக்கு இக்கருத்து அந்நியமானதன்று.

தடிமனுக்கு வருவோம். திருகோணமலையில் மாரி தொடங்கி வாடை வீசும் நாள்களில் மூக்கடைத்து நீர் வடிந்தால், படித்தவரும் படியாதவரும் அதைத் தடிமன் என்றே சொல்வர். தமிழ்நாட்டில் சளி பிடித்தது என்றோ சலதோசம் என்றோ சொல்வதும் இதுவே. பருத்தல், கனத்தல் என்ற பொருளுடைய தடி என்னும் அடியிலிருந்து வந்த சொல் இது. தடிமனான புத்தகம் என்னும்போதும் இதே சொல்லைத்தான் ஆளுகிறோம். கோட்டைக்குள் மான்களையும் வீதியில் மாடுகளையும் காணும் இந்நகரில் குதிரையைக் காண்பது அரிது; குதிரைக்கு நெடுந்தீவையும் கழுதைக்கு மன்னாரையும்தான் நினைக்க வேண்டியிருக்கிறது. ஆயினும் அச்சொல் இங்கே நாவில் உயிரோடிருப்பதால், புதுச்சொல் ஆக்கும் வேலை நமக்கு இல்லை. குறை ஒன்று உண்டு. 'தடிமன்தானே' என்று இரண்டு நாளில் மறந்துவிடும் வழக்கமும் அச்சொல்லோடு கூடவே வருகிறது.

குதிரையில் அந்த அலட்சியம் கேடாக முடியும். குதிரை வாயால் மூச்சுவிட இயலாத விலங்கு; அதன் மெல்லண்ணம் வாயையும் தொண்டையையும் பிரித்து அடைத்திருப்பதால் காற்று முழுவதும் மூக்கு வழியாகவே போய்வர வேண்டும். ஓய்வாக நிற்கும்போதே ஒரு மூச்சில் ஏறத்தாழ 5 லீற்றர் காற்றை இழுக்கும். நாலுகால் பாய்ச்சலில் ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு மூச்சு. இத்தனை காற்றோடு வரும் தூசியையும் கிருமியையும் மூக்கறையிலும் வாதனாளி என்னும் மூச்சுக்குழலிலும் உள்ள சீதம் என்ற சளிநீர் பிடித்து வைக்க, உட்சுவரைப் போர்த்தியுள்ள மேலணிக் கலங்களின் (உயிரணுக்களின்) மீதுள்ள நுண்ணிய பிசிர்கள் ஓயாமல் அசைந்து அந்தச் சீதத்தைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். இன்புளுவென்சா வைரசு குறிவைப்பது இந்தப் பிசிர்கொண்ட கலங்களையே. தொற்றிய ஒன்று முதல் மூன்று நாளில் காய்ச்சல் 41 பாகை செல்சியசு வரை ஏறக்கூடும். கலங்கள் மடிந்து உதிர, மூச்சுப்பாதையின் உட்சுவர் ஆங்காங்கே வெறுமையாகும். சீதத்தைத் தள்ள ஆளில்லாமற் போவதால், வழமையாக மேல்மூச்சுப்பாதையில் அடங்கிக் கிடக்கும் பற்றீரியாக்கள் கீழிறங்கிச் சுவாசப்பையில் அழற்சியை உண்டாக்கும். அப்போது மூக்கிலிருந்து வடியும் தெளிந்த நீர் மஞ்சளித்துக் கெட்டியாகும். கழுதைகளுக்கு இந்த இரண்டாந்தொற்று இன்னும் கடுமையாக வருவதுண்டு.

காய்ச்சல் சில நாளில் தணிந்துவிடும். உதிர்ந்த மேலணி மீண்டும் வளர மூன்று கிழமையாவது பிடிக்கும். காய்ச்சல் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கிழமை ஓய்வு என்று மிருக வைத்தியர்கள் சொல்லும் கணக்கு இதிலிருந்து பிறந்ததே.

நோயின் பெயரை உலகறியச் செய்தது 1872. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் கனடாவின் ரொறன்ரோ பக்கம் தோன்றிய குதிரைக் காய்ச்சல் வட அமெரிக்கா முழுவதும் பரவி வண்டிப் போக்குவரத்தை முடக்கியது; நவம்பரில் பொஸ்ரன் நகரம் தீப்பற்றியபோது, குதிரைகள் நோயுற்றிருந்தமையால் தீயணைப்பு வண்டிகளை மனிதர்களே இழுத்துச் சென்றனர். வைரசு பிரித்தறியப்பட்டது வெகு பின்னால்: எச்7என்7 வகை 1956இல் பிராகாவிலும், எச்3என்8 வகை 1963இல் மயாமியிலும். இன்று ஊர்களில் பரவுவது பின்னதே.

இதனோடு குழப்பிக்கொள்ளப்படும் சொற்கள் இரண்டு. குதிரை ஹேர்ப்பீசு வைரசுகளால் வரும் ரைனோநியூமோனைற்றிசு அவற்றுள் ஒன்று. மூக்கு, சுவாசப்பை ஆகியவற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. நாசி சுவாசப்பை அழற்சி என்றால் போதும். சினைக்குதிரையில் கருச்சிதைவையும் அது உண்டாக்கும் என்பதைப் பெயர் காட்டாது.

மற்றையது ஆஸ்துமா. மூச்சிரைத்தல் என்பதே இக்கிரேக்கச் சொல்லின் பொருள். நம்மவர் இதற்குத் தொய்வு என்றும் முட்டு என்றும் சொல்வர். குதிரையின் இந்நோய்க்கு முன்பு வழங்கிய பல பெயர்களை ஒதுக்கி, 2016இல் வெளிவந்த வல்லுநர் இணக்க அறிக்கையொன்று குதிரை ஆஸ்துமா என்ற ஒரே பெயரைப் பரிந்துரைத்தது; ஆகவே குதிரைத் தொய்வு என்று நாம் தயங்காமல் எழுதலாம். அது தொற்றாது, மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலின் தூசியே அதை மிகுதியும் கிளறிவிடும். இன்புளுவென்சா, தொய்வு இரண்டிலும் குதிரை இருமும். தொய்வில் உடல் சுடாது, பக்கத்துக் குதிரைக்கும் போகாது. தடிமனோடு காய்ச்சல் என்ற சொல்லையும் விடாமல் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இந்த வேறுபாட்டுக்காகவே.