பள்ளியில் மாணவர் கூட்டுறவுக் கடை: சட்டம் என்ன சொல்கிறது, எப்படித் தொடங்குவது?

பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி, ஏர்வாடி என்று நம் கடற்கரை ஊர்களில் ‘சங்கம்’ என்ற பேச்சைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை அரிது. அப்பா மீனவர் கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினர், அம்மா மீனவ மகளிர் கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினர் என்ற வீடுகள் ஏராளம். அம்மா மாதாமாதம் கட்டி 1,500 ரூபாய் சேர்த்தால், அரசு 3,000 ரூபாய் சேர்த்து 4,500 ரூபாயாகத் தரும் சேமிப்பு நிவாரணத் திட்டத்துக்கும் அந்தச் சங்க உறுப்பினர் அட்டைதான் வழி. ஆனால் சங்கத்தின் சொந்தக்காரரே உறுப்பினர்தான், அதன் வரவு செலவைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்பது பல வீடுகளில் பேசப்படுவதே இல்லை. நிவாரணம் வாங்கப் போகும் இடம் என்ற அளவில் சங்கம் நின்றுவிடுகிறது.

பள்ளியிலேயே ஒரு சிறிய கூட்டுறவை நடத்திப் பழகிய பிள்ளை, நாளைக்குப் பெரிய சங்கத்தின் பேரேட்டைத் தைரியமாகப் புரட்டும். மாணவர் கூட்டுறவு நம் ஊர்களுக்கு வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். பேனா இரண்டு ரூபாய் குறைவாகக் கிடைப்பது அதற்கு அப்புறம்தான்.

இது புதிய ஏற்பாடும் இல்லை. தமிழ்நாட்டில் ‘மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலை’ என்ற பெயரில் கல்வி நிலையங்களில் சங்கங்கள் பதிவாகியிருக்கின்றன. பக்கத்தில் கேரளத்தில் பள்ளிக் கூட்டுறவு சங்கங்கள் வழியாகவே பாடநூல்கள் மாணவர் கைக்குப் போகின்றன. மலேசியாவில் 1968-இல் தொடங்கிய பள்ளிக் கூட்டுறவுகள் இன்று நாடு முழுக்க இருக்கின்றன.

ஆசிரியர் ஒருவர் அலமாரியில் பேனா வாங்கி வைத்து விற்பது கூட்டுறவு ஆகாது. மாணவர் பங்குத்தொகை கட்டி உறுப்பினராக வேண்டும். எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு. என்ன வாங்குவது, என்ன விலை வைப்பது, லாபத்தை என்ன செய்வது என்பதைப் பேரவை, அதாவது எல்லா உறுப்பினரும் கூடும் கூட்டம், முடிவு செய்ய வேண்டும். ஆசிரியர் வழிகாட்டலாம், தவறு நடந்தால் நிறுத்தலாம். முடிவை அவரே எடுத்துவிட்டால் பிள்ளைகள் வெறும் விற்பனையாளர் ஆகிவிடுவார்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். கூட்டுறவு சங்கம் அமைப்பது, 2011-ஆம் ஆண்டின் 97-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு, பிரிவு 19-இன் கீழ் வரும் அடிப்படை உரிமை. இங்கே பதிவு நடப்பது 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவு சங்கங்கள் சட்டப்படி. இடைஞ்சல் வயதில்தான் வருகிறது. 18 வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்ய இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 இடம் தருவதில்லை. இதனால்தான் கேரளம், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களின் கூட்டுறவுச் சட்டங்கள், மாணவர்களுக்கென்றே அமையும் சங்கத்துக்கு இந்த வயது நிபந்தனை பொருந்தாது என்று தனியாகவே எழுதி வைத்திருக்கின்றன. பிள்ளைகள் உறுப்பினராக இருந்தாலும் காசோலை, கடன், கொள்முதல் பத்திரம் ஆகியவற்றில் கையெழுத்துப் போடுவது தலைமையாசிரியரோ பொறுப்பாசிரியரோ என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

பதிவு செய்வதாக இருந்தால், துணைவிதிகளோடு, அதாவது சங்கம் தனக்கென்று எழுதிக்கொள்ளும் நடைமுறை விதிகளோடு, கூட்டுறவுத் துறையின் துணைப்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பதிவானால் ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. லாபத்தில் ஒரு பகுதியை, நட்டம் வந்தால் தாங்குவதற்கான காப்பு நிதிக்கும் கூட்டுறவுக் கல்வி நிதிக்கும் ஒதுக்க வேண்டும். சிறிய பள்ளிக்கு இது முதல் ஆண்டிலேயே பாரமாகலாம். என் யோசனை: முதல் ஓராண்டு பதிவில்லாமல், பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு ‘மாணவர் அங்காடி’ என்று நடத்திப் பாருங்கள். பதிவாகாத அமைப்பு பெயர்ப்பலகையில் ‘கூட்டுறவு’ என்று போட்டுக்கொள்ளச் சட்டம் அனுமதிப்பதில்லை, அதனால் பெயரில் கவனம் வேண்டும். கணக்கு ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு பதிவுக்குப் போகலாம்.

பங்குத்தொகை வசூலிக்க ஜூன் மாதத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பள்ளி திறக்கும்போது விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் கையில் காசு இருக்காது. ஆகஸ்டில் வசூலியுங்கள், அல்லது மாதம் இரண்டு ரூபாயாகக் கட்டச் சொல்லுங்கள். கட்ட முடியாத பிள்ளை வெளியே நிற்கும்படி ஆகிவிட்டால், அப்புறம் அந்தச் சங்கத்துக்குப் பொருளே இல்லை.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 120 மாணவர், தலைக்குப் பத்து ரூபாய், மூலதனம் 1,200 ரூபாய். ஆண்டு முழுக்க 12,000 ரூபாய்க்கு விற்பனை, லாபம் 1,800 என்று வைத்துக்கொள்வோம். அதில் கால் பங்கு, 450 ரூபாய், காப்பு நிதிக்கு. மீதி 1,350. பங்குத்தொகைக்குப் பத்து சதவீத ஈவு, அதாவது லாபப் பங்கு, கொடுத்தால் 120 ரூபாய், ஆளுக்கு ஒரு ரூபாய். விற்பனையில் ஐந்து சதவீதத்தை வாங்கியவர்களுக்கே திருப்பிக் கொடுத்தால் 600 ரூபாய். ஆண்டில் 200 ரூபாய்க்கு வாங்கிய பிள்ளைக்குப் பத்து ரூபாய் திரும்பி வரும். இன்னும் 630 ரூபாய் இருக்கிறது. நூலகத்துக்கா, அடுத்த ஆண்டுச் சரக்குக்கா என்று பேரவையில் வாதம் நடக்கட்டும். பணம் போட்டதற்குக் கிடைப்பது ஒரு ரூபாய், கடையைப் பயன்படுத்தியதற்குக் கிடைப்பது பத்து ரூபாய் என்ற வித்தியாசத்தைப் பார்த்ததுமே, தனியார் கடைக்கும் கூட்டுறவுக்கும் உள்ள வேறுபாடு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கிவிடும்.

தினமும் கடை மூடும்போது செய்யும் வேலையில்தான் உண்மையான படிப்பு இருக்கிறது. பெட்டியில் உள்ள சில்லறையை இரண்டு பேர் எண்ண வேண்டும். இருப்புப் பதிவேட்டில் காலையில் 50 பேனா, மாலையில் 38. பன்னிரண்டு பேனா ஐந்து ரூபாய் வீதம் 60 ரூபாய் இருக்க வேண்டும். பெட்டியில் 53 இருந்தால், ‘குறைவு ரூ.7’ என்று மையால் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். யாரும் தன் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டக் கூடாது. மீன் ஏலத்தில் அட்வான்ஸ் கொடுத்த வியாபாரி சொல்லும் பிடித்தத்தையும் எடையையும் கேள்வியில்லாமல் ஏற்கும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு, குறைவை எழுதி வைத்து மறுநாள் கேட்பது பெரிய பழக்கம்.

எதை விற்பது? அரசுப் பள்ளிகளில் பாடநூல், நோட்டு, புத்தகப்பை, வடிவியல் பெட்டி விலையில்லாமல் வருகின்றன. எனவே பேனா, கிராப் தாள், சார்ட், தேர்வு அட்டை போன்றவைதான் ஓடும். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் மஞ்சப்பை நல்ல சரக்கு. பனை ஓலைக் கொட்டான் முடையத் தெரிந்த பாட்டிமார் சாயல்குடிப் பக்கம் நிறைய. அவர்களிடம் நியாய விலைக்கு வாங்கி விற்கலாம்.

தின்பண்டத்துக்கு விதி கண்டிப்பு. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்க 2020-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் தடை விதிக்கின்றன. சிப்ஸ் பாக்கெட் கூடாது. சுண்டல், அவித்த பனங்கிழங்கு விற்கலாம். அதற்கும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு தேவை.

கடலோரப் பள்ளிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. கரையில் ஒதுங்கியதுதானே என்று பவளத் துண்டையோ கடல் குதிரையையோ கைவினைப் பொருளாக விற்கக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் பாதுகாப்பில் உள்ளவை அவை. சில சங்கு, சிப்பி வகைகளுக்கும் பாதுகாப்பு உண்டு. ராமேஸ்வரம் கடைத்தெருவில் சிப்பி மாலை தொங்குகிறது என்பதற்காகப் பள்ளி அந்த வழிக்குப் போக வேண்டியதில்லை.

பிள்ளைகள் செய்வது வேலைவாய்ப்பு ஆகிவிடக் கூடாது. 14 வயதுக்குக் கீழே உள்ளவரை எந்தத் தொழிலிலும் அமர்த்த, 2016 திருத்தத்துக்குப் பிறகு, குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடை விதிக்கிறது. சம்பளம் இல்லை, வகுப்பு நேரத்தில் கடை இல்லை, இடைவேளையில் மட்டும் முறை வைத்து இருவர் என்று துணைவிதியிலேயே எழுதிவிடுங்கள். பொதுத்தேர்வு எழுதும் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பினரைக் கடைப் பொறுப்பிலிருந்து விலக்கி, ஒன்பதாம், பதினோராம் வகுப்பினரிடம் கொடுப்பது நல்லது.

பணத்தைப் பள்ளி அலமாரியில் வைக்க வேண்டாம். தலைமையாசிரியர், பொறுப்பாசிரியர் இருவரின் கூட்டுக் கையெழுத்தில் வங்கிக் கணக்கு போதும். பத்து வயது முடிந்த பிள்ளை தன் பெயரில் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கைத் தானே இயக்கலாம் என்பதால், ஆண்டு இறுதியில் அவருக்குச் சேர வேண்டிய ஈவையும் திருப்பித் தரும் தொகையையும் அதிலேயே போடலாம்.

பள்ளியை விட்டுப் போகும் மாணவருக்குப் பங்குத்தொகை திரும்பக் கிடைக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் அன்றே பத்து ரூபாயையும் கொடுத்து, பங்குப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிப் பெயரை நீக்கிவிடுங்கள். பதிவு செய்ய நினைக்கும் பள்ளிகளுக்கு நவம்பர் 14 முதல் 20 வரை நடக்கும் கூட்டுறவு வாரம் தோதான நேரம். அந்த வாரத்தில் துறை அலுவலர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து, பிள்ளைகள் எழுதிய பதிவேடுகளைக் காட்டி, மாதிரித் துணைவிதியைக் கேட்டு வாங்குங்கள்.