மியூசிக் ஹால் என்றால் மண்டபமா?

பழைய பிரிட்டிஷ் படங்களைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையைத் திருத்தித் தரச் சொல்லி நண்பர் அனுப்பியிருந்தார். கிரேஸி ஃபீல்ட்ஸ் என்ற பாடகியின் முதல் படமான ‘சாலி இன் அவர் ஆலி’ (1931) வரும் இடத்தில் ஒரு வரி: “இசை மண்டபங்களில் பாடிப் பெயர் வாங்கியவர்.” இலக்கணப் பிழை இல்லை. அகராதியைக் கேட்டாலும் அதையேதான் சொல்லும். மியூசிக் என்றால் இசை, ஹால் என்றால் மண்டபம். ஆனால் அந்த வரியைப் படித்ததும் எனக்குத் தெரிந்தது குத்துவிளக்கும் தம்பூராவும், முன்வரிசையில் தொடையில் தாளம் போடும் பெரியவர் ஒருவரும்தான். கிரேஸி ஃபீல்ட்ஸ் ஏறி வந்த மேடை அது இல்லை. அந்த மேடையின் பூர்வீகம் சாராயக்கடைப் புழக்கடை.

சொல்லை முதலில் பிரித்துப் பார்த்துவிடலாம். ‘மியூசிக்’ கிரேக்கத்தில் கலைத் தெய்வங்களான மியூஸ்களின் கலை என்ற பொருளில் பிறந்து, லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ஹால்’ பழைய ஜெர்மானியச் சொல். மூடு, மறை என்ற பொருள் கொண்ட ஒரு வேரிலிருந்து கிளைத்தது. நரகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான் என்பது ஒரு சுவாரசியம். ஆக, கூரை போட்டு மூடிய இடம் ஹால். இந்தக் கூரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டும் சேர்ந்தபோது முதலில் வந்த பொருள் கௌரவமானதுதான்: கச்சிதமாக உடுத்திக்கொண்டு போய், அமைதியாக உட்கார்ந்து, பெரிய வாத்தியக் குழுக்களைக் கேட்கும் கட்டடம். அமெரிக்காவில் அந்தப் பொருள் இன்னும் சாகவில்லை. நியூயார்க்கில் 1891-இல் திறந்த கார்னகி ஹாலுக்குத் தொடக்கத்தில் வெறும் ‘மியூசிக் ஹால்’ என்றுதான் பெயர். அங்கே ‘இசை மண்டபம்’ என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் கதை வேறு திசையில் போனது. அதற்குக் காரணம் ஒரு சட்டம். 1843 வரை லண்டனில் வசனம் பேசி நாடகம் போடும் உரிமை டிரூரி லேன், கோவன்ட் கார்டன் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய அரங்குகளுக்குத்தான் இருந்தது. 1843-இல் வந்த நாடக அரங்குச் சட்டம் அந்த ஏகபோகத்தை உடைத்தது. உடைத்த கையோடு ஒரு கோடும் போட்டது. நாடகம் போட உரிமம் வாங்கினால், பார்வையாளர் இருக்கும் இடத்தில் குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது. குடியும் புகையும் வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட்டிடம் வேறு உரிமம் வாங்க வேண்டும். அதில் ஆட்டம் பாட்டத்துக்குத் தடையில்லை, முழு நாடகம் மட்டும் கூடாது.

மதுக்கடைக்காரர்கள் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்! வாடிக்கையாளர்கள் கோப்பையும் கையுமாகப் பாட்டுப் பாடும் வழக்கம் அவர்கள் கடைகளில் ஏற்கெனவே இருந்தது. அதைப் பெரிதாக்கினார்கள். கடைக்குப் பின்னால் காலியிடம் இருந்தால் கூரை போட்டார்கள், மேடை கட்டினார்கள், சம்பளம் கொடுத்துப் பாடகர்களை அமர்த்தினார்கள். லங்காஷயரில், போல்டன் நகரத்து ஸ்டார் விடுதியில் 1830-களிலேயே இப்படி ஒரு பாட்டு அறை இருந்தது. லண்டனில் எல்லாரும் சுட்டுவது சார்ல்ஸ் மார்ட்டன் 1852-இல் லாம்பெத்தில் திறந்த கேன்டர்பரி ஹால். தன் மதுவிடுதிக்குப் பக்கத்தில் ஸ்கிட்டில்ஸ் பந்து விளையாடிய இடத்தில் கட்டினார். நுழைவுச் சீட்டில் வரும் காசைவிட, பாட்டுக்கு நடுவே விற்கும் பானத்தில்தான் தொழிலே நடந்தது. மேடையோரம் ஒரு ‘சேர்மன்’ சுத்தியலோடு உட்கார்ந்திருப்பார். அடுத்து வருபவரை அறிவிப்பது, சத்தம் போடுகிறவர்களை அடக்குவது, இன்னொரு சுற்று வாங்கச் சொல்லித் தூண்டுவது மூன்றும் அவர் வேலை.

இந்தக் கடைக்காரர்கள் தங்கள் பின்கட்டுக்கு வைத்த பெயர்தான் வேடிக்கை. கனவான்கள் போகும் கட்டடத்தின் பெயரான ‘மியூசிக் ஹால்’ என்பதை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். சும்மா மிடுக்குக்கு என்றும் ஒதுக்கிவிட முடியாது. மார்ட்டன் மெய்யாகவே ஓப்பரா பகுதிகளைப் பாடவைத்தார், பெண்களையும் அரங்கத்துக்குள் வரவைத்தார். ஆனால் கூட்டம் வந்தது நகைச்சுவைப் பாட்டுக்கும், கூடவே சேர்ந்து கத்தக்கூடிய பல்லவிக்கும். பெயர் தங்கிவிட்டது, பொருள் நழுவிவிட்டது. இதனால்தான் ‘இசை மண்டபம்’ என்ற நேர்மொழிபெயர்ப்பு எனக்கு உறுத்துகிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய சாராயக்கடைக்காரரின் விளம்பரப் பலகையை நாம் இன்றைக்கு நம்பி ஏமாறுகிறோம்.

அடுத்த நழுவல் இன்னும் முக்கியமானது. கட்டடத்தின் பெயர் கலையின் பெயராயிற்று. ‘அவர் மியூசிக் ஹால் ஆள்’ என்றால் அவர் எங்கே பாடினார் என்பது விஷயமில்லை, எப்படிப் பாடினார் என்பதே விஷயம். கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்து, இரட்டை அர்த்தம் வைத்து, தன் தெருப் பேச்சை மாற்றாமல், நாலே நிமிஷத்தில் ஒரு மனிதரை நடித்துக் காட்டிவிட்டு இறங்குவது. லண்டன் ஹாக்ஸ்டனில் பிறந்த மேரி லாயிட் அந்தக் கலையின் அரசி. 1907-இல் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நட்சத்திரமான அவருக்கு அதனால் ஆதாயம் ஒன்றும் இல்லை. இருந்தும் சின்னக் கலைஞர்களுக்காக மறியலில் நின்றார். 1912-இல் அரசர் முன்னிலையில் முதல் மியூசிக் ஹால் நிகழ்ச்சி நடந்தபோது அவரை அழைக்காமல் விட்டுவிட்டார்கள். சார்லி சாப்ளின் வளர்ந்ததும் இதே உலகத்தில்தான், ஃபிரெட் கார்னோவின் நகைச்சுவைக் குழுவில்.

அதற்குள் கொட்டகைகள் அரண்மனைகளாகியிருந்தன. ஃபிராங்க் மாட்சம் என்ற கட்டடக் கலைஞர் பளிங்கும் தங்கப் பூச்சுமாகக் கட்டித் தள்ளினார். 1904-இல் திறந்த லண்டன் கொலீசியம் அவர் கட்டியது. குடும்பத்தோடு வருகிறவர்களைப் பிடிக்க முதலாளிகள் பழைய பெயரைக் கழற்றிவிட்டு ‘வெரைட்டி’ என்று எழுதினார்கள். அரங்குகளுக்கு எம்பயர், பேலஸ், ஹிப்போட்ரோம் என்று பெயர் வைத்தார்கள். வெரைட்டிக்குத் தமிழ் தேட வேண்டியதே இல்லை. ‘பல்சுவை நிகழ்ச்சி’ கனகச்சிதமாகப் பொருந்தும். 1914-இல் லண்டன் மாவட்ட மன்றம் அரங்குக்குள் குடிப்பதையும் தடுத்தது. சட்டத்தின் ஓட்டையில் முளைத்த கலை, ஓட்டை அடைபட்ட பிறகும் பிழைத்துக் கிடந்தது. பேசும் படம் வந்துதான் அதை வீழ்த்தியது.

வீழ்த்துவதற்கு முன் அதன் மிகப் பெரிய நட்சத்திரத்தையும் கவர்ந்துகொண்டது. கிரேஸி ஃபீல்ட்ஸின் இயற்பெயர் கிரேஸ் ஸ்டான்ஸ்ஃபீல்ட். 1898-இல் லங்காஷயரின் ராச்டேல் நகரத்தில், பாட்டியின் வறுத்த மீன் கடைக்கு மேல்மாடியில் பிறந்தார். (நம்மில் பலருக்கு ராச்டேல் என்றதும் நினைவு வருவது பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த கூட்டுறவுச் சங்கம்தான். 1844-இல் நெசவாளர்கள் தொடங்கிய அந்தக் கடையும் இதே ஊர்.) பாதி நாள் பள்ளி, பாதி நாள் பஞ்சாலை என்று அன்றைக்கு இருந்த முறையில் அவரும் ஆலைக்குப் போனார். 1910-இல் ராச்டேல் ஹிப்போட்ரோமில் மேடையேறினார். இருபது வருஷம் ஊர் ஊராகச் சுற்றிய பிறகு, பேசில் டீன் தயாரிப்பில், மாரிஸ் எல்வி இயக்கத்தில் ‘சாலி இன் அவர் ஆலி’ வந்தது.

படத்தில் சாலி லண்டன் கிழக்குப் பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறாள், பாடுகிறாள். போருக்குப் போன காதலன் அடிபட்டு, தான் செத்துவிட்டதாகச் சேதி அனுப்பிவிடுகிறான். மேல்தட்டுப் பெண் ஒருத்தி சாலியின் குரலைக் கேட்டு அவளைத் தன் விருந்தில் பாட அழைத்துப் போகிறாள். கதை லண்டன் சந்தில் நடந்தாலும் கிரேஸி பேசுவதென்னவோ லங்காஷயர் பேச்சுதான். மாற்றிப் பேசும்படி யாராவது சொல்லியிருந்தால் படம் ஓடியிருக்காது என்பது என் கணிப்பு. அந்தப் படத்தின் ‘சாலி’ பாட்டு உண்மையில் ஓர் ஆண் பாட வேண்டியது, எங்கள் சந்திலிருந்து போய்விடாதே என்று சாலியிடம் கெஞ்சும் பாட்டு. அதை சாலியே பாடுகிறாள். மியூசிக் ஹால் ரசிகருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பாட்டு பாடுகிறவருடையது. 1978-இல், எண்பது வயதில், அரச குடும்பத்துக்கு முன் நடந்த பல்சுவை நிகழ்ச்சியிலும் அதையே பாடினார்.

இப்போது தமிழுக்கு வரலாம். நண்பரிடம் இருந்த மாற்றுகள்: இசையரங்கம், இசைக்கூடம், இசைமன்றம். எல்லாவற்றிலும் சிக்கல் ஒன்றுதான், ‘இசை’. இன்றைய தமிழில் இசை என்ற சொல் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டுவிட்டது. இசை விழா, இசைக் கல்லூரி, இசைப் பேரறிஞர். மீன்கடை மாடியில் பிறந்த பெண் பாடியது ‘பாட்டு’. நடவில் பாடுவது பாட்டு, தாலாட்டு பாட்டு, குடித்துவிட்டு வருகிறவர் பாடுவதும் பாட்டுதான்.

ஹாலுக்கு ‘கொட்டகை’. மூடிய இடம் என்று முன்பு சொன்னேனே, அந்தக் கூரை இங்கே இருக்கிறது. நாடகக் கொட்டகை, சினிமாக் கொட்டகை என்று பொழுதுபோக்குக்கும் பழகிய சொல். இன்னொரு வசதி, கீற்று போய் சிமென்ட் வந்த பிறகும் நம்மவர்கள் அதைக் கொட்டகை என்றே சொன்னார்கள். புழக்கடையிலிருந்து பளிங்குக்கு உயர்ந்த மியூசிக் ஹாலுக்கு இப்படி நீளக்கூடிய சொல்தான் வேண்டும். ஆக, இடத்துக்குப் பாட்டுக்கொட்டகை.

கலைக்கு? இங்கேதான் நம் மொழி ஏற்கெனவே ஒரு காரியம் செய்து வைத்திருக்கிறது. ‘கச்சேரி’ என்ற சொல்லைப் பாருங்கள். உருது வழியாக வந்தது, அர்த்தம் அலுவலகம், நீதிமன்றம். தாலுகா கச்சேரி, போலீஸ் கச்சேரி என்று சொல்லியிருக்கிறோம். மயிலாப்பூர் கச்சேரி சாலையில் பாட்டுக் கேட்டுப் பெயர் வைக்கவில்லை. இலங்கையில் கச்சேரி என்றால் இன்றும் மாவட்டச் செயலகம், யாழ்ப்பாணத்தில் ‘கச்சேரிக்குப் போறன்’ என்பவர் கையில் மனு இருக்கும். அதே சொல் இங்கே இடத்தை உதறிவிட்டுப் பாட்டு நிகழ்ச்சிக்குப் பெயரானது. மியூசிக் ஹால் நடந்த வழியும் அதுதான், கட்டடத்திலிருந்து கலைக்கு. எனவே கலைக்குக் ‘கொட்டகைக் கச்சேரி’ என்று எழுதச் சொல்வேன். அதில் ஒவ்வொருவர் மேடையேறும் முறைக்கு அங்கே ‘டர்ன்’ என்பார்கள். நம் கச்சேரியில் அதற்கு ‘உருப்படி’ தயாராக இருக்கிறது.

தனித்தமிழ் அன்பர்கள் புருவம் உயர்த்துவார்கள். கச்சேரி உருது. கொட்டகையை வடமொழியிலிருந்து வந்ததென்று சொல்பவர்கள் உண்டு, கொட்டிலோடு சேர்த்துத் தமிழ் என்பவர்களும் உண்டு. ‘பாட்டரங்கு’ என்று போட்டால் தூய்மை கிடைக்கும், ஆனால் வானொலிக் கவியரங்கத்தின் சாயல் வந்துவிடும். எனக்குத் தூய்மையைவிட வாடை முக்கியம். இன்னொரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைக்காரர்கள் பெயரில் காட்டிய மிடுக்கு என் சொல்லில் இல்லை, அது போயே போய்விட்டது.

நண்பரின் பிரதியில் இப்படித் திருத்தி அனுப்பினேன்: “பாட்டுக்கொட்டகைகளில் பாடிப் பெயர் வாங்கியவர்.” பக்க ஓரத்தில் ‘முதல்முறை வரும் இடத்தில் மட்டும் மியூசிக் ஹால் என்றும் சேர்த்துப் போடவும்’ என்று எழுதினேன். மறுநாள் போன் செய்தார். “எல்லாம் சரிங்க, எங்க ஊர்ல கொட்டகைன்னா மாடு கட்டுற இடம்” என்றார். மாட்டுக்கும் கூரை வேண்டுமே என்றேன். அச்சில் எது வருகிறது என்று பார்க்க வேண்டும்.